வெள்ளைத் துணி கட்டிய பற்றைகள்

சுமித்திரா பயந்த சுபாவம் உள்ளவர். நான் இப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் கோபிக்கமாட்டார். ஓம், சரி என்பார். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகும் வீதியில் வந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் கிரவல் பாதையில், அவர் மோட்டார் சைக்கிளை நட்டநடுவில்தான் ஓட்டுவார். எதிரே உழவு இயந்திரம் வந்தாலும் ஓரத்துப் புல்லில் இறங்கமாட்டார். நின்றுவிட்டு, மற்றவரைச் சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். புதிதாக வருகிற சாரதிகள் ஏசுவார்கள். ஊரவர்கள் ஏசுவதில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும்.

போர் முடிந்து மீளக்குடியேறிய 2010 ஆம் ஆண்டு, அவருடைய தகப்பனார் பரமலிங்கம், இடம்பெயர முன்னர் தான் நட்ட தேசிக்காய் மரம் பிழைத்திருக்கிறதா என்று பார்க்கத் தன் கிணற்றடிக்குப் போனார். மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மரம் பிழைத்திருந்தது. சுமித்திரா அப்போது யாழ்ப்பாணத்தில் விவசாயம் படித்து முடித்துவிட்டுப் பூச்சியியலில் மேற்படிப்புச் செய்துகொண்டிருந்தார். செய்தி கேட்டு வந்தவர் அதன் பிறகு எங்கள் பக்கத்தை விட்டுப் போகவில்லை. விவசாய ஆராய்ச்சி நிலையமொன்றில் நெல்லைத் தாக்கும் பூச்சிகளைப் பார்க்கும் உத்தியோகம் கிடைத்தது. ஆனால் வயலுக்குள் இறங்கும்போது, முன்னால் ஒருவர் நடந்த காலடியில்தான் தன் காலை வைப்பார். அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர், ஊர் பேர் தெரியாத இளம் பிள்ளைகளை உலகின் பல மூலைகளிலிருந்து கூப்பிட்டு, வன்னிப் பற்றைகளுக்குள் பூச்சி பிடிக்கப் பழக்குவார் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

தகப்பனார் இறந்த 2016 இல் அவரை ஆபிரிக்க நாடொன்றில் நடந்த பூச்சியியல் பயிற்சிநெறி ஒன்றுக்குத் தெரிவுசெய்திருந்தார்கள். போவதற்குப் பயந்தார், போகாமல் விட்டால் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ என்றும் பயந்தார், இரண்டாவது பயம் பெரிதாக இருந்ததால் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இதுதான்: அங்கே கூடியிருந்த ஏழை நாட்டுப் பிள்ளைகளில் பலர், தங்கள் மண்ணின் பூச்சியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். பெயர் வைக்கப்பட்ட முதல் மாதிரிகளெல்லாம் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் பூட்டிக் கிடக்கின்றன. “எங்கட வண்டைப் பார்க்கிறதுக்கு நாங்கள் விசா எடுக்க வேணுமாம் ஐயா” என்றார்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழை அளவு பதியும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அவர் தொடங்கிய பயிற்சிநெறிக்கு வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் பதிந்து கொடுப்பது என் பங்கு. அதனால் நடந்தவற்றை அருகிலிருந்து கண்டேன். நான் காணாத பகுதியைச் சம்பந்தப்பட்ட மூவரிடமும் தனித்தனியே கேட்டு, மூன்றும் ஒத்துவந்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது பயிற்சிநெறி 2018 ஓகஸ்டில் நடந்தது. நேபாளம், பங்களாதேஷ், உகண்டா, எங்கள் அம்பாறை, புத்தளம் என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம் வகுப்பறையானது. நுணுக்குக்காட்டிகளைப் பாடசாலைகளில் இரவல் வாங்கினோம். இவை எல்லாவற்றையும் சுமித்திரா ஒழுங்கு செய்த விதம் விசேஷமானது. அவர் திட்டம் போடமாட்டார். உட்கார்ந்து பயப்படுவார். யானை வந்தால்? அதற்கு வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனார். டெங்கு வந்தால்? அதற்கு நுளம்பு வலை வந்தது. பூச்சிகளை இட்டு வைக்கும் மதுசாரத்தைப் பொலிஸார் கண்டு கள்ளச்சாராயம், கசிப்பு என்று நினைத்தால்? அதற்கு அனுமதிக் கடிதம் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு பயத்துக்கும் ஓர் ஏற்பாடு. பயிற்சிநெறியே அவருடைய பயங்களால் கட்டப்பட்ட ஒன்று என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

அவர் பயப்பட மறந்த விடயம் ஒன்றும் இருந்தது. நிலத்தில் ஓடும் எறும்புகளையும் வண்டுகளையும் பிடிக்கக் குழிப்பொறி வைப்பார்கள். சிறு குழி தோண்டி, யோகட் கோப்பை ஒன்றை விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கும்படி புதைத்து, உள்ளே சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, மேலே மழைக்கு ஒரு மூடி வைப்பார்கள். பத்து மீற்றருக்கு ஒன்று, வரிசையாக. முதல் வருடம், குனிந்து குனிந்து குழி தோண்டி, எதையோ புதைத்து மூடிவிட்டுப் பின்னால் நகரும் வேற்று ஆட்களை ஊரவர் கண்டார்கள். அப்படிப் புதைப்பதை எங்கள் ஊர் முன்னரும் கண்டிருக்கிறது. அன்று பின்னேரம் ஒரு ஜீப் நிறையப் பொலிஸார் வந்து, யோகட் கோப்பை ஒன்றைச் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இரண்டு எறும்பும் ஒரு சாணி வண்டும் கிடந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பயிற்சிநெறிக்கு முன்னர் சுமித்திரா வீடு வீடாகப் போவார். இன்ன திகதி, இன்ன காணியில், இன்னார் குழி தோண்டுவார்கள், உள்ளே இருப்பது சவர்க்காரத் தண்ணீர் என்று சொல்லிக் காட்டுவார். கோப்பைகள் இருக்கும் இடம் பிள்ளைகளுக்கு மறுபடி தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்துப் பற்றையில் ஒரு துணி கட்டுவார்கள். அவர் வெள்ளைத் துணியைத் தெரிந்தெடுத்தார். மிதிவெடி அகற்றும் ஆட்கள் எங்களுக்குப் பழக்கிய பாடம் அது: சிவப்பு என்றால் நில், வெள்ளை என்றால் நடக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முன்னர் இதைப் படித்தார்கள். வெள்ளையைக் கண்டால்தான் தன் கால் தானாக நடக்கும் என்பார் சுமித்திரா. அவர் கிழித்தெடுத்தது தகப்பனாரின் வேட்டிகளை.

கொரோனாவும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து நடுவில் சில வருடங்களை விழுங்கிவிட்டன. மூன்றாவது பயிற்சிநெறி 2023 ஓகஸ்டில் நடந்தது. வேலைக்கு எடுத்த இடம் ஊரின் கிழக்கெல்லையில், போர்க்காலத்துப் பழைய மண் அணைக்குப் பக்கத்துக் காணி. 2014 இல் மிதிவெடி அகற்றி உரியவர்களிடம் கொடுத்த காணி அது. கிழக்கே ஒரு பெரிய பாலை மரம் வரை சுத்தம். மரத்துக்கு அப்பால் அகற்றவில்லை. அங்கே தலையில் சிவப்புப் பெயின்ற் அடித்த கட்டைகளும் மண்டையோட்டுத் தகரமும் வரிசையாக நின்றன. ஒரு மாதத்துக்கு முன்னர் நானும் அவருமாகப் போய்ப் பார்த்தபோதும் நின்றன.

நின்றது கட்டை அல்ல, பெயின்ற்தான். உள்ளே இருந்த மரத்தைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. கறையான் வெளிச்சத்துக்கு வராது. வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளேதான் தின்னும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஒரு நாள் பலமாக அடித்தபோது கட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து புல்லுக்குள் போய்விட்டன. தகரம் குப்புற விழுந்தது. “நான் பூச்சி படிச்சனான். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம்” என்று சுமித்திரா பிறகு பல தடவை சொன்னார். கூடப் போன நானும் தட்டிப் பார்க்கவில்லை.

குழிப்பொறி வைக்கும் நாள் காலை, பாலை மரப்பக்கம் போன குழுவுக்குத் தலைவனாக இருந்தவன் றிப்னாஸ். முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். பெற்றோர் 1990 இல் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து போனவர்கள். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே, உப்பளத்துப் பக்கம். பட்டப்படிப்பில் எறும்பை எடுத்துக்கொண்டு, வாப்பாவின் ஊர் எறும்பைப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். சிவப்புக் கட்டை கண்டால் அதற்கு மேல் ஓரடியும் வைக்கக் கூடாது என்று சுமித்திரா அவனிடம் சொல்லியிருந்தார். அவன் சிவப்புக் கட்டை எதையும் காணவில்லை. மற்றவர்கள் வெயில் தாங்காமல் திரும்பிவிட, அவன் மட்டும் எஞ்சிய கோப்பைகளோடு மேலும் போனான். எறும்பு வரிசை ஒன்று அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பற்றை பற்றையாக வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கரண்டியால் மண்ணைக் குத்தித் தோண்டிக்கொண்டு போனான்.

மதியச் சாப்பாடு முடிந்து, ஒவ்வொரு குழுவும் தாங்கள் பொறி வைத்த இடத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டினார்கள். றிப்னாஸ் தன் வரிசையைக் கீறினான். பாலை மரத்தைக் கீறிவிட்டு, அதைத் தாண்டியும் புள்ளி வைத்துக்கொண்டு போனான். சுமித்திராவின் கையிலிருந்த சோக்கட்டி கீழே விழுந்தது. அவனைக் கையில் பிடித்து வெளியே இழுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றினார். போகும்போதுதான் அவனுக்குச் சொன்னார். அவன் பின்னாலிருந்து ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னானாம்: “நான் தோண்டினேனே மிஸ். நான் தோண்டினேனே.”

துணிகளை இனி யாரும் கண்டு உள்ளே போகாமல் பாதையை மறிக்க வேண்டும். அதற்காகத்தான் ஓடினார்கள். பாலை மரத்தடியில் இறங்கிப் பார்த்தபோது, அந்த வரிசையில் தூரத்தில், தலையில் விறகோடு ஒருவர் நின்றார்.

அவர் வடிவம்மா. எல்லைக் காணிக்காரி, புருஷனை இழந்தவர், ஆடு வளர்க்கிறார். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக முல்லைத்தீவுக்குப் போயிருந்ததால், சுமித்திரா வீடு வீடாகப் போன நாட்களில் அவருடைய படலை பூட்டிக் கிடந்தது. முந்தின நாள் பொழுதுபட்டுத்தான் திரும்பியிருந்தார். அன்று மதியம் விறகுக்கு வந்து பார்த்தால், பத்து வருடத்துக்கு மேலாகப் போகக் கூடாது என்று மறித்து வைத்த பற்றைக்காடு முழுவதும் சிவப்பைக் காணவில்லை, வெள்ளை கட்டியிருக்கிறது. கடைசியில் சுத்தம் பண்ணிவிட்டார்கள் என்று கடவுளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கவனமாக, வெள்ளைக்கு வெள்ளை பார்த்துத்தான் நடந்திருக்கிறார்.

இவர்களைக் கண்டதும் அவர் சந்தோஷமாக நடந்து வரத் தொடங்கினார்.

சுமித்திரா சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. அன்று போட்ட சத்தம் அணைக்கு அங்கால் மாடு மேய்த்தவனுக்கும் கேட்டதாம்.

“மாமி, நில்லுங்கோ! அப்பிடியே நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ.”

வடிவம்மா நின்றார். பாம்பு என்று நினைத்துத் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தேடினார்.

“என்ன பிள்ளை?”

“உது கிளியர் பண்ணாத காணி மாமி.”

“ஆர் சொன்னது? வெள்ளை கட்டியெல்லோ கிடக்கு.”

“அது நாங்கள் கட்டினது.” என்றார் சுமித்திரா. “பூச்சி பிடிக்கக் கட்டினது.”

 “பூச்சி பிடிக்கவோ” என்று வடிவம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

றிப்னாஸ் உள்ளே கால் வைக்கப் போனான். தான் காலையில் போய் வந்த வழிதானே, ஒன்றும் நடக்கவில்லையே, அதே வழியால் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாம் என்றான். சுமித்திரா அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தார். தன் தகப்பனாரும் அந்தக் கிணற்றடிப் பாதையால் மூன்று தரம் போய் வந்தவர், நாலாம் தரம்தான் வெடித்தது என்று அவனிடம் சொன்னார். பிடித்த பிடியை அவர் விடவில்லை. ஒரு கையால் சேட்டையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு எனக்கு அழைத்தார். நான் மிதிவெடி அகற்றும் பிரிவின் முகாமுக்கு அறிவித்துவிட்டுச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். போனபோதும் அந்தக் கை சேட்டில்தான் இருந்தது. அவனுடைய கழுத்துப் பொத்தான் அறுந்து நிலத்தில் கிடந்தது.

முகாமிலிருந்து எங்கள் ஊருக்கு வருவதற்கு நேரம் எடுக்கும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு விடுவதைப் போல இலகுவான வேலை என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். அறுபது வயது தாண்டியவர், ஓகஸ்ட் வெயில், தலையில் பச்சை வீரை விறகு. சுமையைக் கீழே போடவும் முடியாது. அது விழுகிற இடத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பிரிவில் வேலை செய்யும் வினோஜா என்ற பெண் வாகனத்திலிருந்தபடியே போனில் வழி சொன்னாள். சுமித்திரா அதைக் கேட்டுக் கேட்டு உரத்துச் சொன்னார். விறகுக் கட்டின் கயிற்றை ஒரு கையால் இளக்க வேண்டும். ஒவ்வொரு தடியாக எடுக்க வேண்டும். குனியாமல், வீசாமல், உடம்போடு ஒட்டிச் சரியவிட்டுத் தன் இரண்டு பாதத்தின் மேலேயே கிடத்த வேண்டும். வடிவம்மா அப்படியே செய்தார்.  கடைசித் தடி இறங்கியபோது தடிகளுக்குள் பாதம் தெரியவில்லை.

“இருக்கட்டோ பிள்ளை?” என்று உட்காரக் கேட்டார்.

“இருக்கக் கூடாது மாமி. இன்னும் கொஞ்ச நேரம்.”

“உனக்கென்ன, நீ நிழலில நிக்கிறாய்.”

சுமித்திரா பாலை மர நிழலை விட்டு வெயிலுக்கு வந்து நின்றார். றிப்னாஸும் சேட்டோடு இழுபட்டு வந்து நின்றான். நானும் நகர்ந்தேன். வடிவம்மா சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பயம் சத்தமில்லாத இடத்தில்தான் பெருகும். அதனால் சுமித்திரா கதைத்துக்கொண்டே இருந்தார். மகளுக்கு என்ன பிள்ளை, யாருடைய சாயல், ஆடு எத்தனை குட்டி போட்டது என்று கேட்டார். அவரும் மறுமொழி சொன்னார். இடையில் ஒரு தடவை வடிவம்மா பக்கத்துப் பற்றையில் ஆடிய துணியைப் பார்த்து, அதில் ஒரு மெல்லிய கரை தெரிவதாகவும் அது பரமலிங்கத்தாரின் வேட்டியோ என்றும் கேட்டார். ஓம் என்றார் சுமித்திரா. அந்த மனிசன் செத்தும் என்னை இதுக்குள்ள கூப்பிட்டிருக்கு என்றார் வடிவம்மா. சுமித்திரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுவதை அவருக்குக் காட்டக் கூடாது என்பதற்காக.

பிறகு வடிவம்மாவின் குரல் மாறியது.

“எறும்பு ஏறுது பிள்ளை. ரெண்டு காலிலையும் ஏறுது.”

விறகோடு வந்த எறும்பு. தடிகளைப் பாதத்தின் மேல் கிடத்தினால் அது வேறு எங்கே போகும்? கடித்தால் மனிதர் காலை உதறுவார். அது தன்னால் நடக்கும் காரியம். 

“உங்கட எறும்புதானே,” என்றார் வடிவம்மா. “கூப்பிடுங்கோவன் பாப்பம்.”

 எறும்பு சிவப்பா கறுப்பா என்று றிப்னாஸ் கேட்டான். சிவப்பு, நீளக்கால் என்றார். முசுறு என்று சுமித்திராவும் அவனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“உம்மா, அதைத் தட்ட வேணாம்,” என்று கத்தினான். “நசிச்சா அந்த மணத்துக்கு மற்றதெல்லாம் வரும். குனிஞ்சு மூச்சு விட வேணாம், மூச்சுக்கும் வரும். முகத்தை மேல தூக்கிக்கொள்ளுங்க. நீங்க மரம் மாதிரி நின்றா, அது உங்களை மரம் என்று நினைச்சுப் போயிடும்.”

“கடிக்குதே தம்பி.”

“கடிக்கும் உம்மா. கொஞ்ச நேரம்தான் கடிக்கும்.”

“அப்ப நான் மரம்,” என்றார் வடிவம்மா. முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. றிப்னாஸ்தான் பேசினான். எறும்புகள் எப்படி இலையைத் தைத்துக் கூடு கட்டும், குஞ்சின் வாயிலிருந்து வரும் நூலால் எப்படி ஒட்டும் என்று, வகுப்பில் சொல்ல வேண்டியதை முழுவதும் அந்த வெயிலில் உரத்துச் சொன்னான். அவன் நிறுத்தினால் அவர் ஒரு விரலை அசைத்துத் தொடரச் சொன்னார்.

வாகனம் வந்தது. வினோஜாவும் இன்னும் இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பாலை மரத்தடியிலிருந்து ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை திறக்கத் தொடங்கினார்கள். உலோகம் தேடும் கருவி கத்துகிற இடமெல்லாம் படுத்துக் கிடந்து, மண்ணை ஓரமாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிச் சன்னம், தகரத் துண்டு, செல் சிதறல். ஒவ்வொன்றுக்கும் அதே நேரம், அதே கவனம். சூரியன் அணைக்குப் பின்னால் சரிந்துகொண்டு போனது. வெளிச்சம் போனால் வேலையை நிறுத்துவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 

றிப்னாஸ் வைத்த மூன்றாவது கோப்பைக்கும் நாலாவது கோப்பைக்கும் நடுவில் கருவி மறுபடி கத்தியது. வினோஜா படுத்தாள். நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பியபோது பின்னாலிருந்தவரிடம் கையால் ஒரு சைகை காட்டினாள். அந்த இடத்தை ஒதுக்கிக் கட்டை நட்டுவிட்டு, பாதையை வளைத்துக்கொண்டு போனார்கள். மிதிவெடி, நாலாவது கோப்பையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கரண்டியின் குத்து கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் போதும். வடிவம்மா அதைக் கடந்து போயிருக்கிறார். மறுபடி அதை நோக்கித்தான் திரும்பிக்கொண்டிருந்தார்.

றிப்னாஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், சுமித்திராவின் பிடியிலிருந்தபடியே நிலத்தில் குந்திவிட்டான்.

வெளிச்சம் மங்க முன்னர் வினோஜா வடிவம்மாவை எட்டினாள். அவருடைய பாதத்தின் மேலிருந்த தடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதையில் வைத்தாள். கால் மரத்துப்போயிருந்தது, இரண்டு பேர் இரு பக்கமும் தாங்கி, ஒரு அடி ஒரு அடியாகக் கொண்டு வந்தார்கள். முழங்கால் வரை சிவந்து தடித்திருந்தது. பாலை மரத்தடிக்கு வந்ததும் அவர் முதலில் றிப்னாஸிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“உனக்கு எத்தினை உயிர் எண்டு நினைச்சுக்கொண்டு போனனீ?” என்று கேட்டார். அவன் தலையைத் தூக்கவில்லை. “தண்ணியைக் குடி. முகத்தைப் பார், சுண்ணாம்பு மாதிரிக் கிடக்கு.”

 சுமித்திரா அவருடைய காலடியில் குந்தி, கொப்புளங்களுக்குத் தண்ணீரில் நனைத்த கைலேஞ்சியை ஒற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வேறொன்றைக் கண்டோம். திறந்த பாதை வடிவம்மா நின்ற இடத்தோடு முடிகிறது. அதற்கு அப்பாலும் கோப்பைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன, வா, நடக்கலாம் என்று சொல்லிக்கொண்டு. அவிழ்க்கப் போக ஒருவராலும் முடியாது.

சுற்றி வேலி கட்டி முடியும்வரை சுமித்திரா ஒவ்வொரு நாளும் பொழுது விடியவே போய்ப் பாதையை மறித்துக் கதிரை போட்டு இருந்தார். ஆடு மாடு தேடி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னார்: அந்த வெள்ளை பொய். தான் கட்டியது. மிச்சப் பாடங்களை நெற்களஞ்சியத்துக்கு உள்ளேயே, சுவரில் ஊர்ந்த பூச்சிகளை வைத்து மற்ற ஆசிரியர்கள் நடத்தி முடித்தார்கள். பிள்ளைகள் ஊருக்குப் போனதும், பண உதவி செய்கிறவர்களுக்கு இனிமேல் தன்னால் இயலாது என்று எழுதினார். வேலி கட்டிய பிறகும் காற்று அடித்தால் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக அவருடைய தாயார் சொன்னார்.

அவரை மறுபடி இழுத்தது வடிவம்மாதான். அந்தச் சம்பவத்தின் காரணமாக, யாருக்கும் நினைவில்லாமல் கிடந்த அந்தத் துண்டு நிலம் அகற்ற வேண்டிய இடங்களின் வரிசையில் மேலே வந்தது. அடுத்த வருடம் வேலை தொடங்கியது. வினோஜாவின் ஆட்கள் துணிகளை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, வடிவம்மா அவற்றை வாங்கி, கழுவி, மடித்துக்கொண்டு சுமித்திராவிடம் போனார். அந்தப் புத்தளத்துப் பெடியன் வாராவாரம் போன் எடுத்துக் காலைப் பற்றி விசாரிக்கிறான், எறும்புப் படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்கிறான், நீ நிறுத்தினால் அவனும் நிறுத்துவான் என்று சொல்லியிருக்கிறார். தனக்குப் பயமாக இருக்கிறது என்றார் சுமித்திரா. எனக்கும்தான், அதுக்கென்ன என்றார் வடிவம்மா.

அதன் பிறகு சுமித்திரா செய்த காரியம் அவருக்கே உரியது. மறுபடி வீடு வீடாகப் போனார். இந்த முறை சொல்வதற்கு அல்ல, கேட்பதற்கு. எந்த நிறத்தைக் கண்டால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது என்று கேட்டார். விசித்திரமான கேள்வி, ஆனால் ஊரில் யாரும் அதை விசித்திரமாக எடுக்கவில்லை, யோசித்துத்தான் மறுமொழி சொன்னார்கள். சிவப்பு வேண்டாம். வெள்ளை செத்த வீடு, அதுவும் வேண்டாம். மஞ்சள், வெடி எடுத்த இடத்துக்கு நடுகிறார்கள். நீலம், இடம்பெயர்ந்து இருந்த முகாமின் தறப்பாள் கூடாரம். அது வேண்டவே வேண்டாம் என்றார்கள் பலர். பச்சை பற்றையில் தெரியாது. கறுப்பைப் பற்றி யாரும் பேசவே விரும்பவில்லை. அவர் களைத்துப்போய்க் கடைசியாக வடிவம்மாவின் படலைக்கு வந்தார். நானும் கூட நின்றேன்.

வடிவம்மா உள்ளே போய்ப் வீட்டில் உடுத்தும் பழைய சோட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். ஊதாவும் செம்மஞ்சளுமாகக் கத்தரிக்காய் அளவில் பூக்கள்.

“இதைக் கிழி. இதைக் கண்டு ஒருத்தரும் வெடி எண்டும் நினையாயினம், வழி எண்டும் நினையாயினம். வடிவம்மான்ர சோட்டி காயுது எண்டு அங்கால போவினம்.”

நாலாவது பயிற்சிநெறி 2025 ஓகஸ்டில், காணியை ஒப்படைத்த பிறகு, அதே பாலை மரத்தடியில் நடந்தது. றிப்னாஸ் இந்த முறை கற்பிக்க வந்திருந்தான். முதல் நாள் அவன் செய்த முதல் வேலை, எல்லைக் கட்டை ஒவ்வொன்றையும் சிறு தடியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டது. பிள்ளைகளும் பின்னால் போய்த் தட்டினார்கள். சுமித்திரா அவர்கள் வைத்த காலடியில் தன் காலை வைத்து, கடைசியாகப் போனார்.

காலையில் வடிவம்மா ஆடுகளோடு வந்தார். பூப்போட்ட துணியின் முதல் துண்டைக் கண்டு நின்றார். நிலம் சுத்தம் என்று அவருக்குத் தெரியும், காணி ஒப்படைத்த கடிதத்தையும் பார்த்திருக்கிறார். இருந்தாலும் ஆடுகளைத் திருப்பி, அணையைச் சுற்றிக்கொண்டு தூரவழியால் போனார். அவர் அணைக்கு அங்கால் மறையும்வரை சுமித்திரா கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, வெப்பநிலை என்ன என்று கேட்டார்.